மிச்சிகன் கவுண்டிகளின் நிலப்பரப்பு: ஏரித் தண்ணீர் கலக்காமல் கணக்கெடுக்கும் முறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நம் மாவட்டம் போன்ற 83 கவுண்டிகள் உண்டு. அவற்றில் பெரியது எது என்று தேடினால் ஒரு பட்டியல் கீவனா என்று சொல்லும், இன்னொரு பட்டியல் மார்கெட் என்று சொல்லும். சிறியது எது என்று தேடினாலும் இப்படித்தான்: ஒன்றில் காஸ், மற்றொன்றில் பென்ஸி. நான்கு விடைகளுமே சரியானவை. முதல் பட்டியல் தண்ணீரையும் சேர்த்து மொத்தப் பரப்பளவைச் சொல்கிறது. இரண்டாவது, கால் வைத்து நடக்கக்கூடிய நிலத்தை மட்டும் சொல்கிறது. மிச்சிகனில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. 2010 அளவீட்டின்படி மாநிலத்தின் மொத்தப் பரப்பு 96,714 சதுர மைல். அதில் நிலம் 56,539 சதுர மைல்தான். மீதி ஏறத்தாழ 41 விழுக்காடு தண்ணீர்.

ஆகவே எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: உங்களுக்கு வேண்டியது நிலப்பரப்பா, மொத்தப் பரப்பா? மக்கள் அடர்த்தி, விளைநிலத்தின் பங்கு, காட்டின் பங்கு, சாலை நீளத்தை ஊரளவோடு ஒப்பிடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் நிலப்பரப்பு. கவுண்டியின் சட்ட எல்லை எதுவரை போகிறது என்பதுதான் கேள்வி என்றால் மட்டும் மொத்தப் பரப்பு. பள்ளி ஒப்படைப்பு முதல் செய்திக் கட்டுரை வரை பத்தில் ஒன்பது வேலைகளுக்கு நிலப்பரப்பே பொருத்தம்.

கவுண்டிக்குள் ஏரி எப்படி வந்தது

மிச்சிகனில் கரையோரக் கவுண்டியின் எல்லை கரையோடு நிற்பதில்லை. ஏரிக்குள் இறங்கி, பக்கத்து மாநிலத்தின் எல்லை வரையோ கனடா எல்லை வரையோ போகிறது. பேரேரிகள் ஐந்தில் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி என நான்கு இந்த மாநிலத்தைத் தொடுகின்றன. அதனால் கரையோரக் கவுண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துண்டைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

அந்தத் துண்டு எங்கே மிகப் பெரிதாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு தீவு காரணமாக இருக்கும். கீவனா கவுண்டியின் நிலம் 540 சதுர மைல்; மொத்தம் 5,966 சதுர மைல். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சுப்பீரியர் ஏரிக்குள் வெகு தூரத்தில் கிடக்கும் ஐல் ராயல் தீவு இந்தக் கவுண்டியைச் சேர்ந்தது. 1875 முதல் 1897 வரை அந்தத் தீவு தனிக் கவுண்டியாகவே இருந்தது. பிறகு கீவனாவோடு இணைக்கப்பட்டபோது, இடையில் கிடந்த ஏரிப்பரப்பும் கூடவே வந்து சேர்ந்தது. லீலனாவின் கதையும் இதுவே. மிச்சிகன் ஏரித் தீவுகளுக்காக 1855-இல் மானிட்டு என்றொரு கவுண்டி அமைத்தார்கள். 1895-இல் அதைக் கலைத்து, பீவர் தீவைச் சார்லவாவுக்கும் மானிட்டு, ஃபாக்ஸ் தீவுகளை லீலனாவுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று லீலனாவின் நிலம் 347 சதுர மைல், மொத்தம் 2,532. சார்லவாவின் நிலம் 416, மொத்தம் 1,391. ஒரு கவுண்டியின் இரண்டு எண்களும் இவ்வளவு விலகியிருந்தால் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். வரைபடத்தில் அதன் தீவுகளைத் தேடுங்கள்.

பெயரை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. லேக் கவுண்டி என்று ஒன்று உண்டு. எந்தப் பேரேரியும் அதைத் தொடவில்லை. ஹோட்டன் ஏரி இருப்பது ஹோட்டன் கவுண்டியில் இல்லை, ராஸ்காமன் கவுண்டியில்.

கோப்பை எடுப்பது

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் கெசட்டியர் கோப்புகளை (இடங்களின் பெயர், பரப்பு, இருப்பிடம் அடங்கிய பட்டியல்களை) இலவசமாக வெளியிடுகிறது. அதில் கவுண்டிகளுக்கான தேசியக் கோப்பை இறக்குங்கள். ஜிப் கோப்புக்குள் ஒரே ஓர் உரைக்கோப்பு இருக்கும். 3,200-க்கும் மேற்பட்ட வரிகள். ஒரு வரிக்கு ஒரு கவுண்டி. ஒவ்வொரு வரியிலும் மாநிலச் சுருக்கெழுத்து, ஐந்து இலக்க அடையாள எண், பெயர், நிலம் சதுர மீட்டரில், நீர் சதுர மீட்டரில், நிலம் சதுர மைலில், நீர் சதுர மைலில், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை இருக்கும். மொத்தப் பரப்பு என்று தனி நெடுவரிசை கிடையாது. வேண்டுமானால் நிலத்தையும் நீரையும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். இது நல்ல ஏற்பாடு. தெரியாமல் கலந்துவிட வாய்ப்பில்லை.

கோப்பை இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறக்காதீர்கள். முதலில் காலியான தாளைத் திறந்து, டேட்டா பகுதியில் உரைக்கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நெடுவரிசைகளைப் பிரிக்கும் குறி எது என்பதை முன்னோட்டத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். டேப் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடி அடுத்த பொத்தானை அழுத்த வேண்டாம். அடையாள எண் நெடுவரிசையை உரை வகையாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். காரணம் இதுதான். அந்த ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலத்துக்கு, கடைசி மூன்று கவுண்டிக்கு. மிச்சிகன் 26, கீவனா 083, சேர்த்தால் 26083. மிச்சிகனோடு நிறுத்தினால் சிக்கல் தெரியாது. கலிஃபோர்னியாவை (06) ஒப்பிடக் கொண்டுவந்தால் முதல் பூஜ்ஜியம் காணாமல் போய், 06037 என்ற லாஸ் ஏஞ்சலஸ் 6037 ஆகிவிடும். கவுண்டி எண் மட்டும் தனி நெடுவரிசையாக வரும் வேறு கோப்புகளில் மிச்சிகனிலும் இது நடக்கும்: 083 வெறும் 83 ஆகும், பிறகு எதனோடும் பொருந்தாது.

இரண்டு கோப்புகளை இணைக்கும்போது பெயரை வைத்து இணைக்காமல் இந்த எண்ணை வைத்தே இணையுங்கள். செயின்ட் கிளேர், செயின்ட் ஜோசஃப் இரண்டும் ஒரு கோப்பில் சுருக்கெழுத்தோடும் மற்றொன்றில் முழுச் சொல்லோடும் வரும். ஒரு கோப்பில் பெயருக்குப் பின்னால் கவுண்டி என்ற சொல் இருக்கும், மற்றதில் இருக்காது. அதோடு வேன் என்ற பெயரில் மிச்சிகனுக்கு வெளியேயும் பல மாநிலங்களில் கவுண்டிகள் உண்டு. இன்னொரு சிறிய தொல்லை: பல ஆண்டுக் கோப்புகளில் கடைசி நெடுவரிசைத் தலைப்பின் பின்னால் நீளமாக வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். பைத்தான், ஆர் போன்ற நிரல்மொழிகளில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வரும். படித்த உடனேயே எல்லாத் தலைப்புகளிலும் வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள்.

மாநிலச் சுருக்கெழுத்தை வைத்து மிச்சிகனை வடிகட்டினால் சரியாக 83 வரிகள் நிற்க வேண்டும். எண்கள் ஒற்றைப்படையாக 001, 003, 005 என்று பெயரின் அகரவரிசையில் ஏறிக்கொண்டே போகும். ஆல்கோனா 001-இல் தொடங்கி வெக்ஸ்ஃபோர்டு 165-இல் முடியும். 82 அல்லது 84 வரிகள் வந்தால் வடிகட்டலில்தான் கோளாறு.

அலகு மாற்றம்

சதுர மீட்டரிலிருந்து மாற்றுவதே துல்லியம். சதுர கிலோமீட்டர் வேண்டுமானால் 10,00,000 ஆல் வகுங்கள். சதுர மைல் வேண்டுமானால் 25,89,988.11 ஆல் வகுங்கள். ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். அடிக்கடி நடக்கும் தவறு, நீள அலகை வைத்துப் பரப்பை மாற்றுவது. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர் என்பது மனத்தில் பதிந்திருப்பதால் சதுர மைலையும் 1.609 ஆல் பெருக்கிவிடுகிறார்கள். பெருக்க வேண்டியது 2.59 ஆல். கீவனாவின் 540 சதுர மைல் சுமார் 1,399 சதுர கிலோமீட்டர். உங்கள் விடை 869 என்று வந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது.

இப்போது நிலப்பரப்பின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். கீழே உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள் (2010 அளவீடு, சதுர மைல், முதலில் நிலம், அடுத்து மொத்தம்):

மார்கெட்: 1,808, 3,425
ஆல்ஜர்: 915, 5,049
வேன்: 612, 673
கீவனா: 540, 5,966
காஸ்: 490, 508
லீலனா: 347; 2,532
பென்ஸி: 320, 860

புதிய ஆண்டுக் கோப்பில் சில எண்கள் சற்றே மாறியிருக்கும். கவுண்டி வளர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. கரைக்கோட்டையும் நீர்நிலைகளையும் மீண்டும் துல்லியமாக வரைந்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே ஒரே ஆண்டுக் கோப்பை வைத்தே எல்லாக் கவுண்டிகளையும் ஒப்பிட வேண்டும். மார்கெட்டை ஓர் ஆண்டிலிருந்தும் சிப்பவாவை வேறோர் ஆண்டிலிருந்தும் எடுத்து ஒட்டுவது கூடாது. எந்த ஆண்டு என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவைத்தால் பிறகு யாரும் குழம்ப மாட்டார்கள்.

கடைசியாக 83 எண்களையும் கூட்டுங்கள். 56,500–56,600 அருகே வந்தால் நிலப்பரப்பைத்தான் வைத்திருக்கிறீர்கள். 96,700 அருகே வந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. இந்த ஒரு கூட்டலுக்கு ஒரு நிமிடம் ஆகாது. பெரும்பாலான பிழைகள் இங்கேயே பிடிபடும்.

36-ஐ வைத்து மனக்கணக்கு

கணினி இல்லாமலே ஒரு விடையைச் சோதிக்க மிச்சிகனில் ஓர் அருமையான வழி இருக்கிறது. 1815-இல் இங்கே தொடங்கிய அரசு நில அளவை, நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வெட்டியது. ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். 36 சதுர மைல். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். டெட்ராய்ட்டின் எய்ட் மைல் சாலை இந்த அளவையின் அடிக்கோட்டின் மேல்தான் ஓடுகிறது.

தெற்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள பல கவுண்டிகள், நான்குக்கு நான்கு என்று 16 டவுன்ஷிப்களால் ஆனவை. 16 × 36 = 576. இனி உண்மையான நிலப்பரப்பைப் பாருங்கள்: ஈட்டன் 575, இசபெல்லா 573, கிராஷியட் 568, கிளின்டன் 566, இங்கம் 556. குறைவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உள்ளே இருக்கும் ஆறுகளும் குளங்களும். இரண்டு, பூமி உருண்டை; தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குகின்றன. அதனால் வரும் மிச்சமீதியை ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களின் தலையில் கட்டினார்கள். அந்த ஓரச் செக்‌ஷன்கள் முழு 640 ஏக்கராக இருப்பது அரிது. கரையோரம் இல்லாத, 16 சதுரங்கள் கொண்ட ஒரு கவுண்டிக்கு உங்கள் கணக்கு 700 என்று காட்டினால் எங்கேயோ தவறியிருக்கிறது.

இந்த வழி மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பத்தில் உதவாது. அங்கே நிர்வாக டவுன்ஷிப்பும் (உள்ளாட்சிப் பகுதி) அளவை டவுன்ஷிப்பும் (36 சதுர மைல் கட்டம்) ஒன்றல்ல. லூஸ் கவுண்டியில் இருப்பவை நான்கே நிர்வாக டவுன்ஷிப்கள். 4 × 36 போட்டால் 144 வரும். அதன் நிலமோ ஏறத்தாழ 900 சதுர மைல். மக்கள் குறைவாக இருந்ததால் பல சதுரங்களைச் சேர்த்து ஒரே டவுன்ஷிப்பாக வைத்துக்கொண்டார்கள். தெற்கிலும் சில இடங்களில் டவுன்ஷிப்பிலிருந்து நகரங்கள் பிரிந்து போயிருக்கும். ஆகவே எண்ண வேண்டியது அளவைக் கட்டங்களை. பலகைகளில் எழுதியிருக்கும் டவுன்ஷிப் பெயர்களை அல்ல.

வரைபடத்திலிருந்து நீங்களே அளந்தால்

கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் கவுண்டி எல்லைகளைத் திறந்து பரப்பை நேரடியாக அளக்கலாம். மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலாவது, எந்த எல்லைக்கோப்பு என்பது. சென்சஸ் பீரோவின் டைகர்-லைன் கோப்பைத் திறந்தால் மிச்சிகனின் பெயர்போன கையுறை வடிவமே தெரியாது. ஏரியெல்லாம் நிரம்பி ஒரு பெரிய கட்டியாக நிற்கும். அது சட்ட எல்லை, தண்ணீரோடு சேர்ந்தது. கரையோடு வெட்டிய வடிவம் வேண்டுமானால் கார்ட்டோகிராஃபிக் எல்லைக்கோப்பை எடுக்க வேண்டும். அது 1:5,00,000, 1:50,00,000, 1:2,00,00,000 என்று மூன்று அளவுகளில் கிடைக்கும். சுவரொட்டிக்கு எது வேண்டுமானாலும் போதும். அளப்பதாக இருந்தால் முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டில் கரையின் வளைவுகளை மழித்திருப்பார்கள், சிறு தீவுகள் இருக்காது.

இரண்டாவது, பலர் கவனிக்காதது. கரையோடு வெட்டிய கோப்பிலும் உள்நாட்டு ஏரிகள் அப்படியே உள்ளே இருக்கும். ராஸ்காமன் கவுண்டியில் 20,044 ஏக்கர் ஹோட்டன் ஏரியும் அதற்கு வடக்கே ஹிக்கின்ஸ் ஏரியும் இருக்கின்றன. அந்தக் கவுண்டியின் பலகோணத்தை அளந்தால் 580 சதுர மைல் வரும். நிலம் 520 மட்டுமே. ஒன்பதில் ஒரு பங்கு கூடுதலாக எண்ணிவிடுவீர்கள். டைகர் கோப்புகளிலேயே கவுண்டிவாரியாக நீர்நிலைக் கோப்பு தனியாக உண்டு. ராஸ்காமனுக்கு 26143 என்ற எண்ணுள்ளதை எடுத்து, எல்லையிலிருந்து அதைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும். சதுப்பு நிலத்தையும் கோடையில் வற்றும் குட்டைகளையும் சென்சஸ் பீரோ நிலமாகவே கணக்கிடுகிறது. அவற்றையும் சேர்த்துக் கழித்தால் உங்கள் எண் அவர்களுடையதைவிடக் குறைந்துவிடும்.

மூன்றாவது, நிலப்பட வீழல், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான படமாக்கும் முறை. டைகர் கோப்புகள் டிகிரியில் இருக்கும். பரப்பைக் கணக்கிடும் செயல்பாடுகள் கியூஜிஐஎஸ்ஸில் இரண்டு உண்டு. டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா, திட்ட அமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்த நீள்கோளத்தை (பூமியின் வடிவ மாதிரியை) வைத்துக் கணக்கிடும். அது சரியான விடை தரும். டாலர் குறி இல்லாமல் அடைப்புக்குள் வடிவத்தைக் கொடுக்கும் ஏரியா, கோப்பின் அலகிலேயே தரும். விடை சதுர டிகிரியில் 0.15 போல வந்து நிற்கும், எதற்கும் பயன்படாது. கோப்பை ஈபிஎஸ்ஜி 5070 என்ற சமபரப்பு ஆல்பர்ஸ் வீழலுக்கு மாற்றிவிட்டால் இரண்டுமே சரியாக வரும்.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டரில் (3857) மட்டும் அளக்கவே கூடாது. அதில் 42 டிகிரியில் பரப்பு 1.81 மடங்கு ஊதிக் காட்டும், 47.5 டிகிரியில் 2.19 மடங்கு. எல்லாக் கவுண்டிகளும் ஒரே அளவு ஊதினால் ஒப்பீடாவது தப்பிக்கும். மிச்சிகன் தெற்கு வடக்காக நீண்ட மாநிலம் என்பதால் தெற்கே மன்றோ ஓர் அளவிலும் வடமுனையில் கீவனா வேறோர் அளவிலும் ஊதும், வரிசையே மாறிவிடும்.

அடர்த்தி கணக்கிடும்போது

2020 கணக்கெடுப்பில் கீவனாவின் மக்கள்தொகை 2,046. நிலத்தால் வகுத்தால் சதுர மைலுக்கு 3.8 பேர். மொத்தப் பரப்பால் வகுத்தால் 0.34 பேர், அதாவது மூன்று சதுர மைலுக்கு ஒருவர். ஒரே ஊரை இரண்டாவது எண் பதினோரு மடங்கு வெறிச்சோடியதாகக் காட்டுகிறது. மீன்களுக்கு நடுவே யாரும் வீடு கட்டவில்லை என்பதால் முதல் எண்ணே சரி. டெட்ராய்ட் நகரம் இருக்கும் வேன் கவுண்டியில் 17,93,561 பேர், 612 சதுர மைல், சதுர மைலுக்கு சுமார் 2,930 பேர். மொத்தப் பரப்பை எடுத்தால் 2,665 ஆகும். வேனுக்குப் பத்து விழுக்காடுக்கும் குறைவான பிழை, கீவனாவுக்குப் பதினோரு மடங்கு பிழை. அதனால்தான் தவறான நெடுவரிசையை எடுத்தவர்கள் மக்கள் நிறைந்த கவுண்டியை மட்டும் சரிபார்த்துவிட்டுத் தவறைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். எப்போதும் கீவனாவையும் லீலனாவையும் வைத்துச் சோதியுங்கள்.

வேறு மாநிலத்துக்குப் போனால்

இதே கோப்பு, இதே படிகள் போதும். சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். சான் ஃபிரான்சிஸ்கோவின் நிலம் 47 சதுர மைல்தான், மொத்தமோ 232. கடலுக்குள் இருக்கும் ஃபாரலோன் தீவுகள் அதற்குச் சொந்தம் என்பதால் இங்கேயும் தீவுதான் தண்ணீரை இழுத்து வந்திருக்கிறது. சான் பெர்னார்டினோ பாலைவனக் கவுண்டி. நிலம் 20,057, மொத்தம் 20,105, எந்த எண்ணை எடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் 64 பாரிஷ்கள். வர்ஜீனியாவில் எந்தக் கவுண்டியிலும் சேராத 38 தன்னாட்சி நகரங்கள் தனி வரிகளாக வரும். அவற்றை அழித்துவிட்டால் மாநிலக் கூட்டல் இடிக்கும். கனெக்டிகட்டில் சென்சஸ் பீரோ 2022 முதல் எட்டு கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்ட மண்டலங்களைப் பயன்படுத்துகிறது. பழைய மக்கள்தொகைக் கோப்பையும் புதிய பரப்பளவுக் கோப்பையும் அங்கே இணைத்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது. அந்த மாநிலத்துக்கு மட்டும் இரண்டையும் 2022-க்கு முந்தைய ஆண்டிலிருந்தோ, இரண்டையும் அதற்குப் பிந்தைய ஆண்டிலிருந்தோ எடுங்கள்.